நல்ல சாவு எது? ஓர் இஸ்ரேல் திரைப்படமும் சல்லேகனையும்

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் சமணத் தமிழ் நூல்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுதித் தரட்டுமா என்று கேட்டதும், மலர்க் குழு நண்பர் சிரித்துவிட்டார். "என்ன நயினார், கடைசியில நீங்களும் சினிமாவுக்கு வந்துட்டீங்களா?" என்றார். நான் அகமதாபாத்தில் ஜவுளி வியாபாரம் செய்பவன். திரைக்கலை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் படம் கேட்கும் கேள்வி, என் முன்னோர் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிந்தித்துவந்த கேள்வி. ஆகவே துணிந்தேன்.

படம் 2014இல் வந்தது. இயக்கியவர்கள் ஷரோன் மைமோன், டால் கிரனிட் என்ற இருவர். எபிரேயத்தில் படத்தின் பெயர் 'மித்தா தோவா'. அப்படியே சொன்னால் 'நல்ல சாவு'. ஆங்கிலத்தில் 'தி ஃபேர்வெல் பார்ட்டி' என்று வைத்தார்கள். என் பேரன் தன் மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். நம் ஊரில் நிறை வயதில் போனவரைக் 'கல்யாணச் சாவு' என்று சொல்லி மேளம் கொட்டி அனுப்புவோமே, அந்த நினைப்போடுதான் பார்க்க உட்கார்ந்தேன்.

கதை ஜெருசலேமில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் நடக்கிறது. எஹெஸ்கேல் என்ற கிழவருக்குச் சின்னச் சின்ன யந்திரங்கள் செய்வதில் பித்து. படத்தின் தொடக்கத்திலேயே, குரலை மாற்றும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, நோயுற்ற ஒரு மூதாட்டிக்குத் தொலைபேசியில் கடவுளாகப் பேசுகிறார். சொர்க்கத்தில் இப்போது இடம் காலியில்லை, ஆகவே சிகிச்சையை விடாதே என்பது கடவுளின் உத்தரவு! சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவருடைய நண்பர் மாக்ஸ் மருத்துவமனையில் மீள முடியாத நோயில் துடிக்கிறார். மாக்ஸின் மனைவி யானா உதவி கேட்கிறாள். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரும், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் சேருகிறார்கள். நோயாளி தானே பொத்தானை அழுத்தித் தன் முடிவைத் தேடிக்கொள்ளும் ஒரு யந்திரம் தயாராகிறது. ரகசியம் வெளியே கசிகிறது. 'எங்களுக்கும் வேண்டும்' என்று ஆட்கள் வருகிறார்கள்.

எஹெஸ்கேலின் மனைவி லெவானா இதைக் கொலை என்றே சொல்லி எதிர்க்கிறாள். அவளுக்கோ மறதி நோய் ஏறிக்கொண்டே வருகிறது. ஊருக்கெல்லாம் யந்திரம் செய்துகொடுத்தவர், கடைசியில் சொந்த மனைவியே கேட்கும்போது நடுங்குகிறார். முதலில் மறுத்து, பிறகு சம்மதிக்கிறார்.

படத்தின் பலம் எதில் என்றால், சிரிப்பைத் துக்கத்துக்கு மருந்தாகத் தடவாமல், இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருப்பதில். எஹெஸ்கேலாக நடித்த ஸெவ் ரெவாஹ் அந்நாட்டில் நகைச்சுவைப் படங்களால் பெயர் பெற்றவர். அந்த முகம் அழும்போது நமக்கு இரட்டிப்பாக உறைக்கிறது. குறையும் உண்டு. மாக்ஸுக்குப் பிறகு யந்திரத்தைத் தேடி வருபவர்களுக்கு முகமே இல்லை. அவர்கள் யார், பிள்ளைகள் என்ன சொன்னார்கள், போனபின் யார் அழுதார்கள் என்று படம் நின்று பார்ப்பதில்லை. யூத மரபில் துக்க வீட்டார் ஏழு நாள் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பார்கள். அடக்கம் முடிந்து வந்ததும் உண்ணும் முதல் சாப்பாட்டை அயலார்தான் கொண்டுவர வேண்டும். அத்தனை அழகாகத் துக்கம் காக்கத் தெரிந்த ஒரு சமூகத்தின் படத்தில், யந்திரத்துக்குக் கிடைத்த நேரம் துக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

யூத நெறி உயிரைக் குறைக்கும் செயலை ஒப்புவதில்லை. ஆனால் போகிற உயிரைத் தடுத்து நிறுத்துவதையும் அது விரும்பவில்லை. தால்முதில் ஒரு கதை உண்டு. ரபி யூதா என்ற பெரியவர் வேதனைப்பட்டுக் கிடக்கிறார். சீடர்களோ இடைவிடாமல் வேண்டுதல் செய்து அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வேதனையைக் கண்ட பணிப்பெண் கூரை மேலிருந்து ஒரு சாடியைக் கீழே போட்டாள். சத்தம் கேட்டு வேண்டுதல் ஒரு கணம் நின்றது. உயிர் பிரிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ரபி மோசே இஸ்ஸர்லீஸ் எழுதிய சட்ட உரையிலும், பக்கத்தில் விறகு பிளக்கும் சத்தம் உயிர் பிரியத் தடையாக இருந்தால் அதை நிறுத்தலாம் என்று வருகிறது. 2005இல் இஸ்ரேல் நிறைவேற்றிய சட்டமும் இந்த வழியிலேயே போகிறது: உயிரைப் போக்கும் செயல் கூடாது, ஆனால் சுவாசக் கருவியில் நேரம் வைத்து, நேரம் முடிந்தபின் மறுபடி ஓட்டாமல் விடலாம். படத்தின் யந்திரம் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. நண்பர்களுக்கு அது தெரியும். ஒளித்து ஒளித்துச் செய்வது அதனால்தான்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2015 ஆகஸ்ட் 10 அன்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், சல்லேகனை (இங்குள்ள குஜராத்தி சமணர்கள் 'சந்தாரா' என்பார்கள்) தற்கொலைக்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 24 அன்று நாடெங்கும் சமணர்கள் மௌன ஊர்வலம் போனார்கள். நானும் கடையை அடைத்துவிட்டுப் போனேன். ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அன்றெல்லாம் "இரண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை.

ஒன்றல்ல. சமந்தபத்திரர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் (அதைத் தழுவியதே நம் தமிழ் அருங்கலச்செப்பு) தீராத இடர், பஞ்சம், மூப்பு, மருந்தில்லா நோய் ஆகிய நிலைகளில்தான் இந்நோன்பைச் சொல்கிறார். உறவினரிடம் மன்னிப்புக் கேட்டு, மன்னித்து, உணவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐந்து குற்றங்களையும் எண்ணிச் சொல்கிறார்: வாழ ஆசைப்படுதல், சாக ஆசைப்படுதல், அச்சம், நண்பரை நினைத்து உருகுதல், மறுமைப் பயன் வேண்டுதல். சாக ஆசைப்படுவதே குற்றம் என்றால் பொத்தானுக்கு அங்கே இடம் ஏது? செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டைப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தேழு நாளில் ஒவ்வொரு நாளும் மனம் மாறலாம். பொத்தானில் அந்த அவகாசம் இல்லை.

ஆனால் நான்காவது குற்றம் என்னை இடறுகிறது. படம் முழுவதும் நட்புதானே? சங்கத் தமிழில்கூட, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, ஒருமுறையும் நேரில் பார்த்திராத பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து அமர்ந்தார். புறநானூறு அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வியந்து பாடுகிறது. துறவியின் சாவுக்கு ஒரு நெறி, நண்பர்களின் சாவுக்கு இன்னொரு நெறி போலும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சல்லேகனைக்குத் தெளிந்த அறிவு வேண்டும். லெவானாவிடம் அதுதான் கரைந்துகொண்டிருக்கிறது. அவளைப் போன்றவருக்கு எங்கள் நூல்கள் என்ன வழி சொல்கின்றன என்று தேடினேன். ஏட்டுச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தேடியதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளாக என் துணைவியாருக்கும் மறதி. சில நாள் என்னையே தன் அண்ணன் என்று நினைத்து, "அண்ணா, நவஜீவன் எத்தனை மணிக்கு?" என்று கேட்பாள். வந்தவாசிக்குப் போக வேண்டுமாம்.

படத்தில் ஒரு காட்சி. நினைவு தடுமாறிய லெவானா ஆடையில்லாமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிடுகிறாள். பிறகு வெட்கத்தில் குன்றிப்போகிறாள். அன்றிரவு கணவரும் நண்பர்களும் செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் தாங்களும் ஆடை களைந்து உட்கார்ந்து, அவளைச் சிரிக்க வைக்கிறார்கள். திகம்பர சமணனுக்கு நிர்வாணம் புதிதல்ல. எங்கள் முனிவர்கள் பற்றை விட்டதற்கு அடையாளமாக ஆடையை விட்டவர்கள். இவர்களோ பற்றின் காரணமாகவே விட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. படத்தின் உச்சம் கடைசியில் வரும் யந்திரம் அல்ல, இந்தக் காட்சிதான் என்பது என் துணிபு. நல்ல சாவைத் தேடிப் போன படம், வழியில் நல்ல துணையைக் கண்டு காட்டிவிட்டது. அதற்குப் பிறகும் யந்திரத்திடம் திரும்பிப் போனதே அதன் குறை என்பேன்.

நம் சங்கப் பொங்கல் விழாவில், ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது என் துணைவியார் எழுந்து நின்று, வண்டிக்கு நேரமாச்சா என்று உரக்கக் கேட்டாள். கூடமே அமைதியாகிவிட்டது. நான் தலை குனிந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு சகோதரி, "இன்னும் நேரமிருக்குக்கா, நாங்களும் அந்த வண்டிக்குத்தான் வரோம், உக்காருங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். இன்னும் நாலைந்து பேர், "ஆமாம்மா, நாங்களும்தான்" என்றார்கள். அவள் சிரித்தாள்.

அந்தச் சகோதரிக்கு அன்று நன்றி சொல்ல வாய் வரவில்லை. இக்கட்டுரை வழியாகச் சொல்லிக்கொள்கிறேன். பிழை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.