இரசிகர் பதிவும் இசையின் உடைமையும்: பிங்க் புளொயிட் ஒலிநாடா ஒன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

'முற்போக்கு றொக்' என்னும் தொடரிலுள்ள அடைமொழி அரசியல் முற்போக்கைச் சுட்டுவதன்று. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே தோன்றி, மேலைச் செவ்வியல் இசையினதும் ஜாஸ் இசையினதும் கூறுகளை உள்வாங்கி, மூன்று நிமிடப் பாடலின் எல்லையைத் தாண்டி, நெடிய இசைத்தட்டினை ஒரு முழுக் கலைப்படைப்பாகக் கருதிய போக்கே இப்பெயரால் வழங்கலாயிற்று. ஆயினும் இவ்விசையின் வரலாற்றில், முற்போக்கு என்ற சொல்லின் நேர்ப்பொருளிலேயே ஆராயத்தக்க பிரச்சினை ஒன்றுண்டு. இசையரங்குகளில் இரசிகர் தாமே செய்த ஒலிப்பதிவுகளும், பிற்காலத்தில் அவற்றைச் செம்மைப்படுத்தும் முயற்சிகளும் எழுப்பும் பிரச்சினை அது. செம்மை என்பது யாது, செம்மையாக்கப்பட்டது எவர் உடைமையாகிறது என்னும் இரு வினாக்களையும் பிரித்து நோக்க முடியாதென்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

எடுத்துக்காட்டாகப் பிங்க் புளொயிட் குழுவினரின் நிகழ்வொன்றைக் கொள்ளலாம். 1975 ஏப்ரல் 23 முதல் 27 வரை லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் இக்குழுவினர் ஐந்து இரவுகள் இசைத்தனர். அவ்விரவுகளில் அரங்கிற்கு வந்தோருள் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் கஞ்சா வைத்திருந்தமைக்காக, பொலிசாரால் கைதுசெய்யப்பட்டனர். 26ஆந் திகதி நிகழ்வை மைக் மில்லார்ட் என்ற இரசிகர் பார்வையாளர் பகுதியிலிருந்து பதிவுசெய்தார். நகமிச்சி 550 என்னும் கசற் பதிவுக்கருவியும் ஏ.கே.ஜி. 451 வகை ஒலிவாங்கிகளும் அவர் கையாண்ட சாதனங்கள். அவர் அக்காலத்தில் இக்கருவியைச் சக்கர நாற்காலியில் மறைத்து அரங்குகளினுள் கொண்டுசென்றார் என்பது பலரும் கூறிவந்த செய்தி. அவர் எந்த நிறுவனத்தின் சார்பிலும் இதனைப் பதிவுசெய்தவரல்லர். இவ்வுழைப்புக்குக் கூலி எதுவும் பெற்றவருமல்லர். 1994இல் அவர் மறைந்தார். அப்பதிவின் பிரதிகள் கைமாறிக் கைமாறி, பல இரசிகரால் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டு வந்தன. 2024 ஒக்ரோபரில் இக்குழுவின் ஒலிப்பதிவு உரிமைகளைச் சோனி நிறுவனம் வாங்கிற்று. சுமார் 40 கோடி அமெரிக்க டொலர் விலையெனச் செய்திகள் கூறின. 2025 டிசெம்பரில், 'விஷ் யூ வேர் ஹியர்' இசைத்தட்டின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில், ஸ்ரீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் புதுக்கிய வடிவில் மில்லார்டின் பதிவு அதிகாரபூர்வமாக இடம்பெற்றது.

இப்பதிவின் பெறுமதி யாது? 1975 ஏப்ரலில் 'விஷ் யூ வேர் ஹியர்' வெளிவரவில்லை. அது செப்ரெம்பரிலேயே வெளியாயிற்று. எனவே அன்று அரங்கிலிருந்தோர் கேட்டது உருவாகிக்கொண்டிருந்த படைப்பாகும். 1974இல் ஒரே தொடராக இசைக்கப்பட்ட 'ஷைன் ஒன் யூ கிரேசி டயமண்ட்' இங்கு இரண்டாகப் பிளக்கப்பட்டு, நடுவே 'ஹாவ் எ சிகார்' வைக்கப்பட்டுள்ளது. நிகழ்வின் தொடக்கத்தில் இசைக்கப்பட்ட 'ரேவிங் அண்ட் ட்ரூலிங்', 'யூ ஹாவ் கொட் டு பி கிரேசி' ஆகிய இரண்டும் 1977 ஜனவரியில் வெளிவந்த 'அனிமல்ஸ்' இசைத்தட்டிலே முறையே 'ஷீப்', 'டோக்ஸ்' என வேற்றுருப் பெற்றன. முதலாளித்துவ சமூகத்தின் மாந்தரை விலங்கினங்களாக வகுத்துக் காட்டும் உருவகம் அவ்விசைத்தட்டிலேதான் முழுமையடைந்தது. நிறைவுபெற்ற பண்டமாக நம் கையில் வரும் இசைத்தட்டு, அதனை ஆக்கிய உழைப்பின் தடயங்களை மறைத்துவிடுகிறது. இரசிகர் பதிவோ தயக்கங்களையும், நீட்டல்களையும், கைவிடப்பட்ட வழிகளையும் காட்டுகிறது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்வோர்க்கு ஒரு படைப்பின் முன்வடிவம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இந்நாடா.

'ஹாவ் எ சிகார்' இவ்விடத்தில் தனிக் கவனத்துக்குரியது. கலைஞரைப் புகழ்ந்து பேசியபடியே அவர்தம் உழைப்பை விற்றுப் பணமாக்கும் இசைக் கொம்பனி அதிகாரியை எள்ளல் செய்யும் பாடல் அது. இசைத்தட்டில் அதனை ரோய் ஹார்ப்பர் பாடினார். ஏப்ரல் மேடையில் ரோஜர் வோட்டர்சும் டேவிட் கில்மோரும் சேர்ந்து பாடினர். இசைத்தொழிலைக் கடியும் இப்பாடலை, கூலியற்ற இரசிகர் ஒருவர் அனுமதியின்றிப் பதிந்தார். ஐம்பதாண்டுகளின் பின் அப்பதிவே இசைத்தொழிலின் பண்டமாயிற்று. எதிர்ப்பையும் விற்பனைப் பொருளாக்கவல்ல முதலாளித்துவத்தின் திறனுக்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இனிச் செம்மைப்படுத்தல் என்பதை நோக்குவோம். பொதுவாக ஒரே சொல்லால் சுட்டப்படும் இச்செயலில் தன்மையால் வேறுபட்ட மூன்று காரியங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, கருவியின் குறையை நீக்கல். நாடா உரிய வேகத்தில் ஓடாவிடின் சுருதி ஏறும் அல்லது இறங்கும். ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடி உயர்ந்த ஒலிகள் மங்கும். மூலத்துக்கு அண்மித்த பிரதியைத் தேடிக் கண்டு, வேகத்தைச் சீராக்குதல் மூலபாடத்தை மீட்கும் பணியாகும். இரண்டாவது, இடைவெளியை நிரப்பல். நாடாவைப் புரட்டும்போது தவறிய கணங்களை வேறொரு பதிவிலிருந்து எடுத்து ஒட்டுவர். இதுவும் ஏற்கத்தக்கதே, ஆனால் பதிப்பாசிரியன் தான் சேர்த்ததைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது, பார்வையாளரின் குரலைத் தணித்தல் அல்லது அகற்றல். பல இசைக்கருவிகளின் ஒலி ஒன்றாய்க் கலந்த பழைய பதிவொன்றையும் கணினியாற் பிரித்தெடுக்கலாம் என்பதை 2022இல் வெளிவந்த பீற்றில்ஸ் குழுவின் 'ரிவோல்வர்' மறுகலவை உலகுக்கு உணர்த்திற்று. ஆகவே மூன்றாவது காரியம் இனிக் கடினமானதன்று.

இதிலேதான் விமரிசகன் விழிப்பாயிருத்தல் வேண்டும். கூச்சலும், கைதட்டலும், அருகிலிருப்பவரின் பேச்சும் இசைக்கு இடையூறெனக் கொள்வது கலையகத்தின் அளவுகோலை அரங்கின்மீது சுமத்துவதாகும். அந்த அளவுகோல் இயற்கையானதன்று. தனியறையில் தனிமனிதன் நுகரும் பண்டத்துக்காக வகுக்கப்பட்ட அளவுகோல் அது. தாம் அதுவரை கேட்டிராத பாடலொன்றை ஆயிரக்கணக்கானோர் எவ்வாறு எதிர்கொண்டனர், எங்கே அமைதி காத்தனர், எங்கே பொறுமையிழந்தனர் என்பன அந்நிகழ்வின் வரலாற்று உள்ளடக்கமாகும். அவற்றை நீக்கிய பதிவு தெளிவாக இருக்கலாம், அது பொய்யானது.

வோல்ரர் பெஞ்சமின் 1930களில் எழுதிய கட்டுரைகளிலே, புதிய மறுஉற்பத்திச் சாதனங்கள் கலைஞனுக்கும் மக்களுக்குமிடையிலுள்ள பிரிவினையைத் தளர்த்தும் என எதிர்பார்த்தார். கசற் கருவியைப் பொறுத்தவரை அவ்வெதிர்பார்ப்பு பெருமளவு மெய்யாயிற்று. கேட்பவன் பதிபவனானான், பதிபவன் பரப்புபவனானான். ஆனால் உற்பத்திச் சாதனம் பரவலானதனால் மட்டும் உற்பத்தி உறவு மாறிவிடுவதில்லை. மில்லார்ட் கூலித் தொழிலாளியல்லராதலால் 'உபரிப் பெறுமதி' என்ற கருத்தை இங்கு இயந்திரப்பாங்காகப் பொருத்துதல் தவறு. அவரும் அவருக்குப்பின் இரசிகர் பலரும் ஆக்கியது பயன்பெறுமதி. சட்டவுரிமை வேறிடத்தில் இருந்தமையால் அது மாற்றுப் பெறுமதியாக மாறியபோது பலன் உரிமையாளரைச் சேர்ந்தது. சட்டவிரோதமெனப் பல்லாண்டு இகழப்பட்ட உழைப்பு, இலாபம் தரத்தக்கதானதும் 'ஆவணம்' எனப் போற்றப்படுவது இவ்வாறே.

அதேவேளை இரசிகர் உலகைப் பொதுவுடைமைச் சோலையாகக் கற்பித்தலும் பிழையாகும். 1974 நவெம்பரில் ஸ்ரோக் நகரில் இரகசியமாகப் பதியப்பட்ட நிகழ்வொன்று 'பிரிட்டிஷ் வின்ரர் ரூர் 74' என்னும் கள்ள இசைத்தட்டாகப் பரவியபோது, அதனைக் குழுவினரின் புதிய இசைத்தட்டென்றே பலர் நம்பி வாங்கினர். அங்கு கலைஞரும் ஏமாற்றப்பட்டனர், வாங்கியோரும் ஏமாற்றப்பட்டனர். நாடாக்களைச் சேகரிப்போரிடையிலும் அரிய பிரதியைப் பதுக்கி மதிப்புத்தேடும் வழக்கம் நிலவிற்று. தமது பதிவுகள் வியாபாரிகள் கையிற் சிக்குவதை விரும்பாத மில்லார்ட், எவர்வழி வெளியேறின என்பதை அறியத் தாம் வழங்கிய பிரதிகளில் அடையாளங்கள் இட்டாரெனக் கூறப்படுகிறது. பண்ட உலகினுள் வாழ்பவர் பகிர்வும் அவ்வுலகின் முரண்பாடுகளைத் தாங்கியதே.

2025ஆம் ஆண்டு வெளியீட்டை முற்றாக நிராகரிக்க வேண்டியதில்லை. பதிந்தவர் பெயர் மறைக்கப்படவில்லை. சிலர் கையிலிருந்தது பலர் காதை எட்டியுள்ளது. இவை பாராட்டுக்குரியன. ஆனால் நற்பதிப்புக்கு மேலும் மூன்று கடமைகளுண்டு: செய்த திருத்தங்களை விளக்கல், திருத்தாத மூலப்பதிவையும் கேட்கக் கிடைக்கச் செய்தல், அரை நூற்றாண்டுக் காலம் அதனைக் காத்து வந்த பெயரறியா இரசிகரின் உழைப்பை ஏற்றுக்கொள்ளல். தூய ஒலியைத் தேடும் ஆர்வம் நியாயமானது. அவ்வார்வம் மக்களின் குரலை இசையிலிருந்து துடைத்தெறியும் கருவியாகாமல் இருக்கும்வரையே அதனைச் செம்மை எனக் கூறலாம்.