சின்னாறு துறையில் பரிசல் ஏறினோம்

ஒகேனக்கல் போய்வந்து பத்து நாளாகிறது. இன்னும் காதுக்குள் அந்த இரைச்சல் அடங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். "நாங்களும் போயிருக்கோமே" என்று யாராவது சொன்னால் விடாமல் கேட்கிறேன்: "எந்த வழியா போனீங்க? யார் கூட்டிட்டுப் போனாங்க?"

காலையில் போய் இறங்கி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிவிடுகிறவர்கள்தான் நிறைய. அதுவும் சுகம்தான். ஆனால் சாலையில் ஒருவர், ஆற்றில் ஒருவர் என்று அந்த மண்ணில் பிறந்த இரண்டு பேர் கதை சொல்லிக்கொண்டே கூட்டிப்போக, தருமபுரியிலிருந்து நாள் முழுக்க மெல்ல மெல்லக் காவிரியை நெருங்கினோமே, அது வேறு. அம்மாவும் நானும் இப்படி ஒரு நாளை இதற்குமுன் கண்டதில்லை.

வாடகைக் கார் ஓட்டிவந்தவர் தருமபுரிக்காரர். விடிந்தும் விடியாததுமாக எங்களைக் கோட்டை மல்லிகார்ஜுனேசுவரர் கோயிலுக்குத்தான் அழைத்துப் போனார். மண்டபத்தில் ஒரு தூணின் அடியில் காகிதத்தை நுழைத்து மறுபக்கம் எடுத்துக் காட்டினார். தூண் தரையைத் தொடவில்லை! அம்மா குனிந்து தானும் ஒருமுறை செய்து பார்த்தாள். தருமபுரிதான் பழைய தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை சேலம் சாலையில் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு மேற்கே திரும்பினோம்.

பாப்பாரப்பட்டியில் நான் எதிர்பாராமல் நெடுநேரம் நின்றுவிட்டேன். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசியாக வாழ்ந்த ஊர் அது. சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வந்த மனிதர், ரயிலில் ஏற்ற மறுத்தபோது ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசியவர். இங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட இடம் வாங்கினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925 ஜூலை 23 அன்று சிவா போய்விட்டார். நாற்பது வயது. இன்று அங்கே மணிமண்டபமும் நினைவாலயமும் இருக்கின்றன. நாங்கள் போன நேரத்தில் வேறு யாரும் இல்லை. அந்த அமைதியில் நின்றது என் வாழ்நாள் பேறு.

அதன் பிறகு பென்னாகரம் வரை காய்ந்த பூமிதான். கேழ்வரகு, புளியமரம், கல்லுக்குன்று. இந்தப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம் என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டு வந்தார். தன் பல்லைக் காட்டினார், பழுப்புக் கோடுகள். "எங்க காலத்துப் பசங்க எல்லாருக்கும் இப்படித்தாங்கக்கா. எங்கப்பாவுக்கு முட்டியும் மடங்காது." ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியதை ஒரு கல்யாண நாளைச் சொல்வதுபோல் சொன்னார்.

பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் இறங்குகிறது. யானை கடக்கும் இடம் என்று பலகைகள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது.

அப்புறம் ஆறு!

சின்னாறு துறையில் உயிர்காப்பு உடுப்பை மாட்டிவிட்டு, "பக்கம் பக்கமா எதிரெதிர்ல குந்துங்க, எடை சமமா இருக்கணும்" என்றார் பரிசல்காரர். மூங்கில் பிளாச்சில் முடைந்த வட்டக் கூடை. முன்பு எருமைத் தோல் போர்த்துவார்களாம், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். பரிசலுக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. ஒற்றைத் துடுப்பால் அதை நேர்கோட்டில் செலுத்துகிறாரே, அந்தக் கையை நான் கும்பிடுகிறேன். நீர் குறைந்த இடத்தில் எங்களை இறக்கிவிட்டு, பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னாலிருந்து பார்த்தால் ஓர் ஆமை நடந்து போவதுபோல் இருந்தது.

"ஹொகேன்னா கன்னடத்துல புகைங்க. கல்லு புகையுது பாருங்க" என்றார். பாறையில் மோதி எழும் நீர்த்திவலை உண்மையிலேயே புகைதான். நாலாபக்கமும் வெள்ளை. கன்னம், இமை, நாக்கு எல்லாம் காவிரி. அதோ அந்தக் கரை கர்நாடகம், இந்தக் கரை நாம். நடுவில் பரிசல்காரர்கள் இரண்டு மொழியிலும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பெரியபாணி என்ற இடத்தைத் தாண்டி மணல்திட்டுப் பக்கம் வந்தபோது ஆறு திடீரென்று பேச்சை நிறுத்தியது. இரண்டு புறமும் செங்குத்தான கருங்கற்சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர். இங்கே இருக்கும் கார்போனடைட் பாறைகளுக்கு வயது 200 கோடி ஆண்டுக்கு மேல் என்று படித்திருக்கிறேன். அந்த எண்ணோடு அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும். அந்த மௌனத்தின் நடுவே இன்னொரு பரிசல் எங்களை ஒட்டி வந்தது. மிதக்கும் கடை! முறுக்கும் மாங்காய்க் கீற்றும் வாங்கினோம்.

அதுவரை விளிம்பைப் பிடித்த பிடியை விடாத அம்மாவிடம் "சுத்தி விடட்டுங்களாம்மா?" என்று கேட்டார் பரிசல்காரர். துடுப்பை ஊன்றி ஒரு சுழற்று. வானமும் பாறையும் ஒன்றாகச் சுற்றின. நின்றதும் அம்மா கேட்டாள்: "இன்னொரு தடவைப்பா."

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆடியில் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளைத் திறந்தால் நீர்வரத்து நொடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டும் ஆண்டுகள் உண்டு. அருவியே தெரியாது, பரிசலுக்குத் தடை வந்துவிடும். காலையில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் போனது தை மாதம், எங்களுக்கு வாய்த்தது.

கரையேறியதும் கட்லா மீனை எடைபோட்டு வாங்கி, சமைத்துக் கொடுக்கும் அக்காவிடம் கொடுத்தோம். அந்தக் காரத்துக்கு ஈடே கிடையாது.

திரும்பும்போது பென்னாகரத்தில் டீக்கு நிறுத்தினார் ஓட்டுநர். தெருக்குழாயில் ஒரு சொம்பு பிடித்துவந்து அம்மாவிடம் நீட்டினார். "இன்னைக்கு நீங்க மிதந்தீங்களே, அந்தத் தண்ணிதாம்மா. எம்பொண்ணு இதைக் குடிச்சுத்தான் வளருது. பல்லு முத்தாட்டம் இருக்கும்."

அம்மா அண்ணாந்து, சொம்பு காலியாகும் வரை குடித்தாள்.