திணை மரபும் தோட்ட நிலமும்

தமிழ் கற்கும் மாணவர் அனைவரும் ஐந்திணைப் பாடத்தைக் கடந்தே வருகின்றனர். குறிஞ்சி என்றால் மலை, முல்லை என்றால் காடு, மருதம் என்றால் வயல், நெய்தல் என்றால் கடல் என்று மனனம் செய்வதும், தேர்வுத் தாளில் எழுதிவிட்டு மறந்துபோவதும் வழக்கமாகிவிட்டன. ஆயின் அப்பாடம் வெறும் பட்டியலன்று. ஒரு நிலத்தை உற்றுநோக்கி, அந்நிலம் தன்மேல் வாழும் மாந்தரை எவ்வாறு ஆக்குகிறது என்று கண்டறியும் முறை அது. இயற்கைப் புவியியல் என்றும் மானிடப் புவியியல் என்றும் இன்றைய கல்வி பிரித்துக் கற்பிக்கும் இரண்டையும் தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒருங்கே வைத்துப் பேசுகிறது.

நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மாந்தரின் அக ஒழுக்கம் உரிப்பொருள். இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று. மண்ணும் மழையும் முதலில் வருகின்றன. அவற்றிலிருந்து பயிரும் தொழிலும் பிறக்கின்றன. அத்தொழில் விதிக்கும் கூடலும் பிரிவும் இறுதியில் மனத்தை வந்தடைகின்றன. முல்லை நிலத்துப் பெண் கார்காலத்தில் காத்திருப்பது புலவன் விரும்பியமையால் மட்டும் அன்று; மழை தொடங்கியதும் வினைமேற் சென்றவன் மீளவேண்டும் என்னும் வாழ்க்கை முறையே அக்காத்திருத்தலுக்கு அடிப்படை.

மலேசியத் தமிழ்ப் படைப்புகளைத் திறனாயப் புகுவோர் இம்மரபைக் கையாளுதல் வரவேற்கத்தக்கதே. ஆனால் கையாளும் விதத்தில் ஒரு பிழை நேர்ந்துவிடுகிறது. இரப்பர்த் தோட்டத்தில் மரங்கள் நிறைந்திருப்பதால் அதனை முல்லை என்பதும், குன்றுகள் இருப்பதால் குறிஞ்சி என்பதும், உழைப்பு இருப்பதால் மருதம் என்பதும் எளிதான தீர்ப்புகள். பழைய பெட்டிக்குள் புதிய பொருளை அடக்கும் இம்முயற்சியால் பெட்டியும் சிதைகிறது. பொருளும் விளங்காமற் போகிறது.

தோட்டம் காடன்று. காட்டை அழித்து எழுந்தது தோட்டம். அதன் மரமும் இம்மண்ணுக்கு உரியதன்று. அமேசான் காடுகளுக்குரிய அம்மரத்தின் விதைகள் 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றில் முளைத்த கன்றுகளுள் இருபத்திரண்டு 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். அதன் பின்னரே இது பெருந்தொழிலாயிற்று. வேற்றுக் கண்டத்து மரம், ஐரோப்பிய முதல், தென்னிந்தியத் தொழிலாளர், மலாய் மண் ஆகிய நான்கும் கூடி ஆக்கப்பட்ட நிலம் இது. பழைய நால்வகை நிலங்களில் ஒன்றையேனும் இதற்கு இணையாகச் சொல்லுதல் அரிது.

இந்நிலம் எங்கே அமைந்தது என்பதும் நோக்கத்தக்கது. தீபகற்பத்தின் நடுவே தித்திவங்சா மலைத்தொடர் ஓடுகிறது. அதன் மேற்கு அடிவாரத்துக்கும் கரையோரச் சதுப்புக்கும் இடைப்பட்ட மேடுபள்ளமான நிலத்திலேயே தோட்டங்கள் பெரிதும் பெருகின. ஈயச் சுரங்கங்களுக்காக முன்னரே இடப்பட்ட இருப்புப் பாதைகளும், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர்த் துறைமுகங்களும் அப்பக்கமே இருந்தன. கிழக்குக் கரையிலோ வடகிழக்குப் பருவக்காற்றின் வெள்ளமும் பாதைக் குறையும் தடையாயின. கெடா முதல் சொகூர் வரை மேற்குக் கரையோரமாகத் தமிழர் குடியிருப்புகள் நீண்டு கிடப்பதன் காரணத்தை நிலப்படமே சொல்லிவிடும். தமிழர் நாள்தோறும் சொல்லும் ஊர்ப்பெயர்களிலும் நிலம் ஒளிந்திருக்கிறது. சுங்கை என்பது ஆறு. புக்கிட் என்பது குன்று. கோலா என்பது ஆற்றின் கூடல் அல்லது முகத்துவாரம். உலு என்பது ஆற்றின் மேற்பகுதி. இவற்றின் பொருளை அறியாமல் எழுதும் கதாசிரியர் தம் கதைமாந்தர் நடக்கும் நிலத்தையே அறியாதவர் ஆவார்.

பொழுதைக் கையாளுவதில் குறை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு பாகை முதல் ஏழு பாகை வரை பரந்துள்ள இத்தீபகற்பத்தில் கூதிரும் இல்லை, பனிக்காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன. இருந்தும் மார்கழிப் பனியில் நடுங்கும் தலைவியையும், சித்திரை வெயிலில் வெடித்த வயலையும் இங்குள்ள கதைகள் சிலவற்றில் காணலாம். அவை தமிழகத்து இதழ்களிலிருந்து கப்பலேறி வந்த பருவங்கள்.

தோட்டத்துக்கெனப் பெரும்பொழுது இல்லாமலில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலையுதிர்க்கும். மரம் மீண்டும் தளிர்த்துத் தேறும்வரை பால் குறையும். பால் குறைந்தால் வருவாயும் குறையும். மழைக்காலத்தில் பட்டை நனைந்து, வெட்டிய பால் கோட்டில் நில்லாமல் வழிந்தோடும், வெட்டு நின்றுபோகும். சங்கத் தலைவிக்கு மழை வரவின் அறிகுறி. பால்வெட்டும் பெண்ணுக்கு மழை கூலியில்லா நாள். ஒரே மழை, வேறு நிலம், வேறு உரிப்பொருள். இதனை உணர்ந்து எழுதப்பட்ட ஒரு மழைக்காட்சி, வருணனை மிகுந்த பத்துப் பக்கங்களுக்கு ஈடாகும்.

சிறுபொழுதும் அத்தகையதே. தோட்டத்தின் சிறுபொழுது வைகறை. இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளர்ந்து பால் சுரப்பது குறையும். ஆகவே பொழுது புலருமுன் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குள் இறங்கவேண்டும். உறங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்லும் தாயின் துயரம் ஒரு மரத்தின் உடலமைப்பிலிருந்து பிறக்கிறது. முதற்பொருள் கருவாகிக் கரு உரியாவதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கருப்பொருளை எண்ணினால் மாரியம்மனும் முனியாண்டியும் தெய்வம், கருவாடும் சோறும் உணவு, உறுமியும் தப்பும் பறை, பால்வெட்டு தொழில். இவ்வெண்ணிக்கையைப் பல நாவல்கள் நிறைவாகவே செய்துள்ளன. தலைப்புகளே அதற்குச் சான்று. தமிழகத்திலிருந்து வந்து கண்டு எழுதிய அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ என்று மரத்தைத் தலைப்பில் வைத்தார், இந்நாட்டு எம். குமரன் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’ என்று மண்ணை வைத்தார். ஆயினும் லயமும் கங்காணியும் கதையில் வந்துவிட்டதனால் மட்டும் அது தோட்ட இலக்கியம் ஆகிவிடாது. கருப்பொருளோடு நின்றுவிடும் எழுத்து பொருட்காட்சிக்கு ஒப்பாகும். இந்நிலத்தின் உரிப்பொருள் யாது என்பதே திறனாய்வாளர் கேட்கவேண்டிய வினா.

பழந்திணைகளில் குறவர், ஆயர், உழவர், பரதவர் என்று மக்கள் தம் நிலத்தாலும் தொழிலாலும் பெயர் பெற்றனர். தோட்டத்து மக்கள் நிலத்தை ஆக்கினர், நிலம் அவர்களுடையதாகவில்லை. வேலையுள்ளவரை வீடு, வேலை போனால் வீடும் போகும். ஒப்பந்தக் கூலிமுறை 1910இலும், தமிழகத்திலிருந்து கங்காணி வழி ஆளெடுப்பது 1938இலும் முடிவுற்ற பின்னரும் இந்நிலைமை மாறவில்லை. பால்மரம் ஏறத்தாழ ஆறு ஏழு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பயன் தந்தபின் வீழ்த்தப்படும். ஒரு தொழிலாளியின் உழைக்கும் வயதும் ஏறத்தாழ அதுவே. மரத்தின் ஆயுளும் மனிதனின் ஆயுளும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட்ட நிலம் இது. இங்கு உரிப்பொருள் பெயர்தல். நிலைகொள்ள முயன்றும் நிலைகொள்ள இயலாமை.

நிலத்தைக் கதைக்குப் பின்னால் தொங்கும் திரையாக வைக்காமல் கதையையே நடத்தும் ஆற்றலாக வைத்த நாவலுக்கு எடுத்துக்காட்டாகத் தோட்டத்துக்கு வெளியே ஒன்றைச் சுட்டலாம். மெடானில் வாழ்ந்து திரும்பிய ப. சிங்காரம் எழுதி 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ அது. மெடான் நகரத் தெருக்களும், மலாக்கா நீரிணையின் கொந்தளிப்பும், பினாங்கின் வணிக வாழ்க்கையும் அதில் வெறும் இடங்களாக நிற்கவில்லை. போர்க்காலக் கடலைத் தோணியில் கடப்பவனுக்கு மதுரைத் தெருக்கள் நினைவில் எழுகின்றன. அவன் நிற்கும் நிலமும் நினைக்கும் நிலமும் ஒன்றையொன்று உரசுகின்றன. அவ்வுரசலே நாவலின் உயிர். தோட்ட நாவல் இதிலிருந்து பாடம் பெறவேண்டும்.

தோட்ட நிலமும் இன்று பழைய நிலமாக இல்லை. 1917இல் சிலாங்கூரில் வணிக அளவில் தொடங்கிய செம்பனைப் பயிர், 1960களுக்குப் பின் பால்மரத்தின் இடத்தைப் பேரளவில் எடுத்துக்கொண்டது. செம்பனைக்குலை அறுக்க விடியலுக்கு முந்திய குளிர்ச்சி வேண்டுவதில்லை. பயிர் மாறியபோது சிறுபொழுதும் மாறிவிட்டது. பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் ஆயின. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் காட்டுகிறது. பெயரால் அன்றி முறையால் நோக்கினால் தோட்டத்துக்கு நேர்ந்ததும் அத்தகைய திரிபே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பழைய பாலையில் பிரிந்து சென்றவன் பொருளீட்டி மீள்வான் என்னும் நம்பிக்கை இருந்தது. தோட்டத்தை விட்டுச் சென்ற குடும்பங்களுக்கு மீள்வதற்கு ஊரே இல்லை. கோயிலும் பள்ளியும் இடுகாடும் இருந்த இடத்தை நிலப்படத்தில் தேடினாலும் கிடைப்பதில்லை. மீட்சியில்லாப் பிரிவு என்னும் இவ்வுரிப்பொருளைத் தொல்காப்பியர் வகுக்கவில்லை. அதனை வகுக்கும் கடமை இந்நாட்டு எழுத்தாளருக்கே உரியது.

ஆசிரியர்கள் இதில் செய்யக்கூடியது எளியது. ஐந்திணையைக் கற்பிக்கும் அன்றே மாணவரிடம் ஒரு நிலப்படத்தைக் கொடுத்து, பாட்டனார் வாழ்ந்த தோட்டம் எந்த ஆற்றின் கரையில், எந்தக் குன்றின் அடியில் இருந்தது, அங்கு என்ன பயிர் விளைந்தது, மழை எப்பொழுது பெய்தது, இன்று அங்கு என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிவரச் செய்யலாம். அந்நிலத்தை நினைவில் வைத்திருப்போர் குறைந்துவருகின்றனர். அவர்கள் வாய்மொழி எழுத்தில் ஏறிவிட்டால், தோட்ட நிலத்துக்குரிய திணையை வகுக்க வருங்காலப் புலவனுக்கு முதற்பொருள் கைவசம் இருக்கும்.