விண்தூசிப் படமும் விண்மீன் சான்றும்

கார்த்திகையைப் பழந்தமிழர் அறுமீன் என்றனர். அம்மீன்கள் ஒரே முகிலிற் பிறந்து, நமக்கு ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் ஒருங்கே செல்லும் குடும்பம் என்பது இன்றைய வானியல் கூற்று. இத்தகைய குடும்பங்களே விண்தூசிப் படங்களைச் சோதிக்கும் உரைகல்லாகும்.

விண்மீன்களுக்கிடையே பரவிய நுண்தூசி, நீல ஒளியை மிகுதியாகவும் செவ்வொளியைக் குறைவாகவும் தடுக்கிறது. ஆதலின் தூசிக்குப் பின்னுள்ள மீன் மங்கியும் சிவந்தும் தோன்றும். தனி மீனொன்று இயல்பாகவே சிவந்ததா, தூசியாற் சிவந்ததா என்று துணிதல் அரிது. கூட்டத்து மீன்களோ ஒரே வயதின, ஒரே தொலைவின. அவை ஒருசேர எவ்வளவு சிவந்துள்ளன என்பதை அளந்துவிடலாம்.

1930-ஆம் ஆண்டிலே டிரம்ப்ளர் கூட்டங்களைக் கொண்டே இத்தூசியை மெய்ப்பித்தார். ஒளியை வைத்துக் கணித்த தொலைவு சரியாயின், தொலைக் கூட்டங்கள் அண்மைக் கூட்டங்களினும் பருத்தவையாதல் வேண்டும். அது பொருந்தாது; இடையே ஏதோ ஒளியைக் குறைக்கிறது என்று அவர் முடிவு கண்டார்.

1998-இல் ஷ்லெகல், பிங்க்பைனர், டேவிஸ் மூவரும் தூசி உமிழும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு வானம் முழுமைக்கும் படம் வரைந்தனர். அரும்பணிதான், ஆயினும் குறைகள் உள. ஒரு திசையிலுள்ள தூசி அனைத்தையும் அது கூட்டியே காட்டும். கார்த்திகைக்குப் பின்னுள்ள தூசியையும் கார்த்திகையின் கணக்கிலேயே எழுதிவிடும். பால்வீதித் தளத்துக்கு 5 பாகைக்குள் அப்படம் நம்பத்தக்கதன்று என அதை வரைந்தோரே எச்சரித்தனர். இளங்கூட்டங்களுட் பல அங்கேதான் உள்ளன! 2011-இல் ஷ்லாப்லியும் பிங்க்பைனரும் விண்மீன் நிறங்களோடு ஒப்பிட்டு, அப்படம் தூசிச் சிவப்பை 14 விழுக்காடு மிகைப்படுத்துவதாகக் கண்டனர். தம் படத்தின் பிழையைத் தாமே எடுத்துரைத்த பிங்க்பைனரின் நேர்மை போற்றத்தக்கது.

2019-இல் கிரீன் குழுவினர் வெளியிட்ட படம், கையா விண்கலம் அளந்த தொலைவுகளையும் துணைக்கொண்டு, தூசியைத் தொலைவு வாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. முன்னைக் குறை பெரிதும் நீங்கிற்று. ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. படம் வரையப் பயன்பட்ட அதே மீன்களின் அதே அளவுகளைக் கொண்டு படத்தைச் சரிபார்த்தால், அது மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவதை ஒக்கும். கூட்டத்தின் சிவப்பை நிறமாலை முதலிய வேறு அளவைகளால் தனியே கண்டு ஒப்பிடுதலே முறையாகும்.

வகுப்பில் இப்படங்களைக் காட்டும் ஆசிரியர், எவ்வளவையால் வரைந்தது, எத்தொலைவு வரை செல்வது, எவர் சரிபார்த்தது என்னும் மூன்றையும் உடன் கூறுதல் வேண்டும்.