சதவீதத்துக்குள் அடங்காத காவல்

என் பெரியம்மாவுக்கு மறதிநோய் என்று தெரிந்த மூன்றாம் ஆண்டில், ஊனச் சான்றுக்காக அவரை மருத்துவக் குழுவின் முன் அழைத்துப்போனோம். "சாப்பிட்டாச்சா பாட்டி?" என்று கேட்டார் மருத்துவர். "ஆச்சு தம்பி. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார் பெரியம்மா. காலையிலிருந்து ஒரு வாய் உள்ளே போகவில்லை. ஊட்டப்போன அக்காவின் கையைத் தட்டிவிட்டிருந்தார். நாற்பது வருஷம் நடவுக்குப் போனவர். நினைவு போன பிறகும் உபசாரம் போகவில்லை. அந்த ஒரு பதிலில் அவர் நல்லபடியாக இருப்பவராகத் தெரிந்தார். சான்றில் எழுதிய எண் நாற்பதைத் தொடவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி நாற்பது சதவீதம்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசற்படி. அந்தச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன் நோய் பெயரோடு இருக்கிறது. மறதிநோய் பெயரோடு இல்லை. ஆனால் 'மனநோய்' என்பதற்கான விளக்கத்தில் நினைவாற்றல், இடம் காலம் அறியும் திறன் ஆகியவற்றின் சீர்குலைவும் அடங்கும். அந்த வழியாகத்தான் மறதிநோயாளி உள்ளே வரவேண்டியிருக்கிறது. வந்தவரை அளப்பது, இந்திய உளமருத்துவச் சங்கத்தார் வகுத்து 2002-ல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட 'ஐடியாஸ்' அளவுகோல். மனச்சிதைவு, இருமுனை நோய், எண்ணச்சுழல் நோய் ஆகியவற்றோடு மறதிநோயையும் மனத்தில் வைத்தே அதை வகுத்தார்கள்.

அதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லவேண்டும். தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு துறைகளில் ஒருவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்று அது பார்க்கிறது. பராமரிப்பவரிடமும் கேட்கச் சொல்கிறது. எங்கள் காவிரி டெல்டாவுக்கு இது பெரிய நியாயம். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லி, ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும் காகிதத் தேர்வை மட்டும் நம்பினால், பென்சிலே பிடிக்காத நடவுக்காரப் பெண் நோயில்லாமலே தோற்றுப்போவார். ஓய்வுபெற்ற ஆசிரியர் நோயோடு தேறிவிடுவார். செயலைப் பார்க்கும் அளவுகோல் அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது.

குறை எங்கே? முதலில், கால அளவு. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறதோ அதற்கேற்ப மதிப்பெண் கூடும். இளவயதில் தொடங்கி நெடுங்காலம் தொடரும் நோய்களுக்கு அது பொருந்தும். எழுபது வயதில் வந்து, சில ஆண்டுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும் நோய்க்குப் பொருந்தாது. ஆரம்பத்தை 'வயசானா மறக்கத்தான் செய்யும்' என்று வீடே தள்ளிவிடுவதால், தாளில் ஏறும் ஆண்டுகள் இன்னும் குறைகின்றன. அடுத்தது பெயர். 'மனநோய்' என்று எழுதிய சான்றோடு ஊருக்குத் திரும்ப அஞ்சி, விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. தமிழ்நாட்டில் பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பெயர் சொல்லியே மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. 2023-ல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாகக் கணித்தது. இத்தனை பேருக்கு வந்த நோய்க்குப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கவேண்டாமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, காவலைக் கணக்கில் எடுக்காதது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் சில நாட்களில் கல்லணை, பிறகு வெண்ணாறு, பிறகு எங்கள் வாய்க்கால். குறுவைக்கு ஊரே பூத்தூவி வரவேற்கும் தண்ணீர். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் கிடையாது. "நாத்து முடிய எடுத்து வைக்கணும்" என்று விடியற்காலை மூன்று மணிக்குப் பெரியம்மா கிளம்பிவிடுவார். தன் முந்தானையை அவர் புடவையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு படுப்பார் அக்கா. தானே நடக்கிறார், தானே உடுத்துகிறார் என்பதால் பெரியம்மாவுக்கு மதிப்பெண் குறைகிறது. அந்தக் கால்கள் நடப்பதுதானே எங்களுக்கு ஆபத்து?

பிரிட்டனில் முதியோருக்கான பராமரிப்புப் படி, ஆபத்து நேராமல் ஒருவர் கூடவே கண்காணிக்க வேண்டியிருப்பதையும் தேவையாக ஏற்கிறது. இரவுக் காவலுக்கும் அதில் இடம் உண்டு. நம் சட்டத்துக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதை 24-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே அளவுகோலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை, திருத்தினால் போதும். மறதிநோயைப் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும். அதற்குக் கால அளவு மதிப்பெண்ணைத் தளர்த்தவேண்டும். குணமாகாத நோய்க்கு மறுபரிசோதனை கேட்கக்கூடாது. காவலை ஐந்தாவது துறையாக அளக்கவேண்டும்.

மறுமுறை குழுவின் முன் போனபோது அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். எந்த இரவு எத்தனை மணிக்குத் தாழ்ப்பாள் திறந்தது, எந்த மதகடியில் கண்டுபிடித்தோம் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். வரிசை நீண்டு நின்றது. ஆனாலும் அந்த மருத்துவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சான்று கிடைத்தது. படிவத்தில் அந்த நோட்டுக்கு ஒரு வரி இடம் இல்லை. அவர் படித்தது அவருடைய நல்ல மனசு. அடுத்த வீட்டுக்கும் அப்படியொரு மனசு வாய்க்கும் என்று காத்திருக்க முடியாது. அந்த வரி படிவத்திலேயே இருக்கவேண்டும்.