‘டிராஃபிக்’ படத்தை எப்படிப் பார்ப்பது?

போதைக் கடத்தல் படம் என்றாலே துப்பாக்கிச் சண்டையையும் துரத்தலையும் எதிர்பார்த்துத்தான் உட்காருகிறோம். ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘டிராஃபிக்’ (2000) கேட்பது வேறு வகைப் பொறுமையை. மெக்சிகோவின் டிஜுவானாவில் ஒரு போலீஸ்காரர். அமெரிக்க அரசின் போதை ஒழிப்புத் தலைவராக வரும் ஓஹாயோ நீதிபதி. சான் டியாகோவில், கடத்தல் வழக்கில் கைதான பணக்காரரின் மனைவி. இந்த மூன்று கதைகளும் எங்கே உரசுகின்றன என்பது பாத்திரங்களுக்குத் தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். படத்தின் ருசியே அதுதான்.

முதலில் நிறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ வறண்ட மஞ்சள். ஓஹாயோவும் வாஷிங்டனும் குளிர்ந்த நீலம். சான் டியாகோ பளிச்சென்ற வெயில். காட்சி மாறிய நொடியிலேயே எந்த ஊர் என்று கண் சொல்லிவிடும். கேமராவைத் தோளில் தூக்கிப் படம்பிடித்ததும் சோடர்பெர்க்தான், பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற பெயரில். ஆகவே படம் முழுக்க, செய்தி சேகரிக்கப் போன இடத்தில் நாமும் நிற்பது போன்ற பதற்றம்.

அடுத்து, கதைகள் சந்திக்கும் இடங்கள். நீதிபதி மெக்சிகோவுக்குப் போய் அந்நாட்டு ராணுவ ஜெனரல் ஒருவரைச் சந்திக்கிறார். போதை அடிமைகளுக்குச் சிகிச்சை உண்டா என்று கேட்கிறார். அளவு மீறிப் போய்ச் சேர்ந்தால் ஒரு ஆள் குறைந்தான் என்கிற தோரணையில் பதில் வருகிறது. நீதிபதியின் மகளே அந்தப் பழக்கத்தில் விழுந்திருப்பது நமக்குத் தெரியும். நீதிபதியாக நடிக்கும் மைக்கேல் டக்ளஸின் முகத்தை அந்த நேரத்தில் பாருங்கள்.

டிஜுவானா போலீஸ்காரராக வரும் பெனிசியோ டெல் டோரோவின் நடிப்புக்குக் காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஸ்பானிய மொழியில், தணிந்த குரலில் பேசுகிறார். அமெரிக்க அதிகாரிகளோடு பேரம் பேச, ஒட்டுக்கேட்கும் கருவி எதையும் மறைக்க முடியாதபடி, அவர்களை நீச்சல் குளத்துக்குள் இறக்குகிறார். அங்கே அவர் பேச்செடுப்பது, பிள்ளைகள் இரவில் பேஸ்பால் ஆட மைதானத்துக்கு விளக்கு வேண்டும் என்று. எல்லோரும் விலைபோகிற ஒரு கதையில், தனக்கென்று எதுவும் கேட்காத இந்த மனிதர்தான் படத்தின் மனசாட்சி.

இயக்கம், துணை நடிப்பு, தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு என 4 ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற படம் இது. டப்பிங்கைத் தவிர்த்து, மூல ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது, ஒரு கதை எந்த இடத்தில் அறுந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ஓர் ஊரில் நடக்கும் கைதும் இன்னொரு ஊரில் ஒரு சிறுமியின் வீழ்ச்சியும் ஒரே வியாபாரத்தின் இரண்டு முனைகள் என்பது அப்போது முழுசாகப் புரியும்.