நகலெடுப்பின் அரசியல்: 'சைராட்' முதல் 'தடக் 2' வரை

'ஒரிஜினல் மாதிரி வருமா?' ரீமேக் படம் ஒன்று வந்தால் போதும், டீக்கடையிலிருந்து திரைப்படச் சங்கம் வரைக்கும் இந்தக் கேள்விதான். வராது என்கிற பதிலும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அசல் தூய்மையானது, நகல் கலப்படமானது என்று யோசிக்கப் பழகிய மனம் நம்முடையது. தூய்மை, கலப்பு என்பதெல்லாம் எந்தச் சமூக ஒழுங்கின் அகராதியிலிருந்து வரும் சொற்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அசலின் புனிதத்துக்குக் காவல் நிற்பது என் வேலை அல்ல. ஒரு கதை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது எதை இறக்கிவைத்துவிட்டுப் போகிறது, இறக்கிவைத்ததில் யாருக்கு லாபம் என்பதே நான் கேட்க விரும்புவது.

நாகராஜ் மஞ்சுளே 2016இல் மராத்தியில் எடுத்த 'சைராட்'டைப் பார்ப்போம். ஆர்ச்சி, ஊரின் நிலமும் அரசியலும் கையில் இருக்கிற பாட்டீல் வீட்டுப் பெண். பர்ஷ்யா பார்தி சமூகத்துப் பையன். மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பம். பார்திகள் வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தப்பட்டவர்கள். படத்தின் முதல் பாதி முழுக்கப் பாட்டும் கூத்தும். பெரிய வாத்தியக் குழுவின் இசை, மெதுவாக நகரும் காட்சிகள். 'என்னய்யா இது, பழைய பம்பாய்க் காதல் படம்தானே' என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் மஞ்சுளே எடுத்திருக்கிறார்.

1988இல் வந்த 'கயாமத் சே கயாமத் தக்'கை நினைத்துப் பாருங்கள். இரண்டு குடும்பத்துப் பகை, கடைசியில் காதலர்கள் சாகிறார்கள். ஆனால் இரண்டுமே ராஜபுத்திரக் குடும்பங்கள். இந்திப் படத்துக் காதலர்கள் வழக்கமாக மானத்துக்காகவும் பகைக்காகவும் சாவார்கள், சாதிக்காகச் சாக மாட்டார்கள். மஞ்சுளே அந்தக் கனவை அப்படியே தூக்கிவந்து அதில் ஒரு பார்திப் பையனை உட்கார வைக்கிறார். பாட்டெல்லாம் ஊரோடு நின்றுபோகிறது. ஹைதராபாத்தின் சேரியில் காதல் என்பது வாடகை, வேலை, சந்தேகம், சண்டை, பிறகு மெல்லத் தேறிவரும் ஒரு வாழ்க்கை. அப்போதுதான் அண்ணனும் உறவினர்களும் அம்மா கொடுத்தனுப்பிய பரிசுகளோடு வருகிறார்கள். ஆர்ச்சி டீ போட்டுக் கொடுக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வெளியே போயிருந்த குழந்தை திரும்பி வந்து பார்க்கிறது, அழுகிறது, வெளியே நடக்கிறது. தரையில் சின்னச் சின்ன ரத்தக் காலடிகள். படத்தில் சத்தமே இல்லை.

ஆக, 'சைராட்' தன்னளவில் ஒரு மறுஆக்கம். பம்பாய்க் காதல் கதையாடலைக் கீழேயிருந்து திருப்பி எழுதிய பிரதி. அசல் என்று எதைச் சொல்வது என்ற கேள்வி இங்கேயே சிக்கலாகிவிடுகிறது.

2018இல் ஷஷாங்க் கைதான் இயக்கத்தில், கரண் ஜோஹரின் தர்மா நிறுவனம் இதை 'தடக்' என்று இந்தியில் எடுத்தது. ஊர் உதய்பூர். ஏரி, அரண்மனை, சுற்றுலா வெளிச்சம். அதே அஜய்-அதுல் இசை, அதே 'ஜிங்காட்' மெட்டு. நாயகி பழைய ராஜ குடும்பத்துப் பெண், பையனின் அப்பா உணவகம் நடத்துகிறார். உயர்சாதி என்ற வார்த்தை பேருக்கு வந்துபோகிறது, அவ்வளவுதான். அப்படியானால் எதற்காகக் கொல்கிறார்கள்? அப்பா கெட்டவர், தேர்தலில் ஜெயிக்கணும், கௌரவம் போச்சு. ஒரு சமூக அமைப்பின் வன்முறை ஒரு தனிமனிதனின் கெட்ட குணமாகச் சுருங்கிவிடுகிறது. ராஜஸ்தானில் சாதி இல்லையா என்ன?

சாதியைக் கழித்ததும் போனது 'கருத்து' மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். வடிவமும் சேர்ந்தே போய்விட்டது. பம்பாய்க் கனவு அதற்குச் சொந்தக்காரர்களிடமே திரும்பிவிட்டதால் முதல் பாதியின் பாட்டுக்கும் இரண்டாம் பாதிக்கும் எந்த முரணும் இல்லை. முடிவில் கணவனும் குழந்தையும் மாடியிலிருந்து தூக்கியெறியப்படுகிறார்கள். நாயகி உயிரோடு நின்று கதறுகிறாள். 'சைராட்'டில் நமக்காக அழுவதற்குப் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை. அந்த மௌனத்தை நாம்தான் வீட்டுக்குச் சுமந்து போக வேண்டும். இங்கே நமக்குப் பதிலாகத் திரையில் ஒருத்தி அழுதுவிடுகிறாள். பார்வையாளர் நிம்மதியாக எழுந்து போகலாம்.

மறுஆக்கம் என்றாலே இப்படித்தான் நீர்த்துப்போகுமா? போக வேண்டியதில்லை. டக்ளஸ் சிர்க் 1955இல் அமெரிக்காவில் எடுத்த 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' வசதியான ஒரு விதவைக்கும் அவளைவிட இளைய தோட்டக்காரனுக்கும் இடையிலான காதல். ஊர் வம்பு பேசுகிறது, பிள்ளைகள் எதிர்க்கிறார்கள். தனியாகிப்போன அம்மாவுக்கு அவர்கள் ஒரு டெலிவிஷன் பெட்டியைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். இதை 1974இல் ஃபாஸ்பிண்டர் ஜெர்மனியில் 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' என்று திருப்பி எடுத்தார். விதவை இப்போது வீடு துடைத்துப் பிழைக்கும் எம்மி. காதலன் மொராக்கோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளி. அவனுடைய நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை, 'அலி' என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். இவன்தான் என் புருஷன் என்று அவள் சொன்னதும் மகன் டெலிவிஷன் பெட்டியை எட்டி உதைத்து உடைக்கிறான். கல்யாணத்தன்று அவர்கள் சாப்பிடப் போவது ஹிட்லர் சாப்பிட்ட உணவகம். நாடு, வர்க்கம், முகம் எல்லாமே மாறியிருந்தும் சிர்க்குக்குப் பக்கத்தில் தலைநிமிர்ந்து நிற்கிற படம் இது. ஃபாஸ்பிண்டர் கதைக்கு விசுவாசமாக இல்லை. அந்தக் கதை யாரோடு சண்டை போட்டதோ அவர்களைத் தன் ஊரில் தேடிக் கண்டுபிடித்தார்.

இந்த அளவுகோலோடு நம்முடைய படம் ஒன்றுக்கு வருவோம். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018), ஷாசியா இக்பால் இயக்கத்தில் 2025 ஆகஸ்டில் இந்தியில் வெளியானது. வைத்த பெயர் 'தடக் 2'. சாதியை அழித்த படத்தின் இரண்டாம் பாகமாகச் சாதியைப் பேசும் படம்! கழித்து விற்ற அதே நிறுவனம் ஏழு வருஷத்தில் சேர்த்தும் விற்கிறது. இதைக் கேலி செய்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் படத்தையும் பார்க்க வேண்டும்.

தமிழில் தலைப்பே ஒரு நாட்டார் தெய்வத்தின் பெயர். அதை மொழிபெயர்க்க முடியாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னதற்குப் பிந்தைய தமிழ்நாட்டில் பெயர் சாதியைச் சொல்லாது. அதனால்தான் தமிழ்ப் படம் ஊர், உடை, தொழில் என்று குறிகளால் பேசியது. வடக்கில் பெயரே சாதி. நீலேஷ் அஹிர்வார், விதி பரத்வாஜ் என்று சொன்ன கணத்தில் கதை தொடங்கிவிடுகிறது. அந்த மண்ணில் பெயர் எப்படி வேலை செய்கிறதோ அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. 'பரியேறும் பெருமாளி'ல் ஜோவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. தெரியாமல் இருக்க முடிவதே ஆதிக்க சாதியின் சொகுசு என்று அதைப் படிக்கலாம். ஆனால் அதே இடத்தில் பெண் வெறும் வெள்ளந்தியாக நின்றுபோகிறாள் என்ற குறையும் நிஜம். ஷாசியா இக்பாலின் விதி தெரிந்துகொள்கிறாள், கேட்கிறாள், வீட்டோடு மோதுகிறாள். 2016இல் ரோஹித் வெமுலாவுக்கு நேர்ந்ததை நினைவூட்டும் ஒரு மாணவத் தலைவனும் உள்ளே வருகிறான். இந்த இடங்களில் மறுஆக்கம் அசலோடு விவாதிக்கிறது. விமர்சனக் கட்டுரை செய்ய வேண்டிய வேலையை ஒரு படம் செய்கிறது.

தோற்கிற இடங்களும் உண்டு. நாயகனின் முகத்தைக் கறுப்பாக்கிக் காட்டினார்கள் என்ற விமர்சனம் எழுந்தது, நியாயமான விமர்சனம். சாதியை நிறமாகச் சுருக்குவது மேலோட்டமான பார்வை. சாதிப் பெயர்களை மாற்றச் சொல்லித் தணிக்கைத் துறையும் தன் பங்குக்குக் கத்தரி போட்டது. சாதி இருக்கலாம், அதன் பெயர் மட்டும் காதில் விழக்கூடாது என்பது நம் அரசின் பழைய கொள்கை. தமிழ்ப் படத்தின் முடிவில் இரண்டு டீ கிளாஸ்களும் நடுவில் ஒரு பூவும் தருகிற அமைதியின்மை எனக்கு இந்திப் படத்தில் கிடைக்கவில்லை.

ஆனாலும் 'தடக்'கையும் 'தடக் 2'வையும் ஒரே தராசில் போட நான் தயாராக இல்லை. முதலாவது தான் நகலெடுத்த படத்துக்கே எதிராக வேலை செய்தது. இரண்டாவது அதோடு சேர்ந்து நின்று, சில இடங்களில் அதைத் திருத்தவும் பார்த்தது. 'அசல் மாதிரி இருக்கா' என்று கேட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. நாளைக்கு நம் ஊரிலும் வேறு மொழிப் படங்களை எடுப்பார்கள். அங்கே செத்தவன் எதற்காகச் செத்தானோ, அந்தக் காரணம் இங்கே என்ன பெயரில் இருக்கிறது என்று எடுப்பவர் தேடினாரா? அதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.